பாடு வைத்து நிறுத்திய வண்டிகள்

எங்கள் தொழிலில் ஒருவர் ஓய்வு பெற்றார் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. போன் ஆப்பில் லோடு வண்டி ஓட்டுகிறவன் இன்று ஓட்டுவான், நாளைக்கு ஓட்ட மாட்டான், அவ்வளவுதான். வண்டியை விற்றிருப்பான், இல்லை ஐடியை முடக்கியிருப்பார்கள், இல்லை முதுகு போயிருக்கும். அவன் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு என்னவோ மாலை போட்டார்கள். கண்ணில் புரை விழுந்து, எதிரே வரும் வண்டி விளக்கெல்லாம் பூசணிப்பூ மாதிரி விரிய ஆரம்பித்ததும், போதும் என்று நிறுத்திக்கொண்டேன். சங்கத்துக்காரர்கள் பொன்னேரியில் சின்னதாக ஒரு மண்டபம் பிடித்து, சால்வை போர்த்தி, பிரியாணி போட்டு, மைக்கையும் கையில் கொடுத்துவிட்டார்கள். சாதாரணமாக என் வாயை மூடத்தான் ஆள் தேவைப்படும். அன்றைக்கு மைக்கைப் பிடித்து நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

பந்தியில் எனக்குப் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த டிரைவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். குனிந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“கேக்கறேன்னு தப்பா நெனக்காதண்ணே. மொதலாளியே கண்ணுல படாத தொழிலு இது. இதுல சங்கம் வச்சு இன்னா பண்றது? யார்கிட்ட போய் கேக்கறது?”

என் வாயில் கறி இருந்தது. அதற்குள் யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. நியாயமான கேள்வி. நானும் ஒரு காலத்தில் அதையே கேட்டுக்கொண்டு திரிந்தவன்தான். அதனால் எனக்குத் தெரிந்த பதிலை எழுதி வைக்கிறேன்.

நான் பிறந்தது பசியாவரத்தில், பழவேற்காடு ஏரிக்கு நடுவில். அப்பாவை நைனா என்போம், வலை போட்டுப் பிழைத்தவர். ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே இடத்தில் போய் வலை இறக்கினால் வெட்டுக்குத்தில்தான் முடியும். அதனால் ஊர் கூடி, சீட்டு எடுத்து, இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு அவனுக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு உள்ள குடும்பம் என்றால் ஏரிக்கரையில் ஒரு மரியாதை. பாடு இல்லாதவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த இடத்தில் வலை இறக்க முடியாது. எங்கள் வீட்டுப் பாட்டை என் தம்பி பார்த்துக்கொண்டான். எனக்குத் துடுப்பைவிட டயர்தான் பிடித்திருந்தது. பழவேற்காட்டிலிருந்து காசிமேட்டுக்குப் போகும் மீன் லாரியில் கிளீனராக ஏறினேன், ஓட்டக் கற்றுக்கொண்டேன், அதே லாரிக்கு டிரைவரும் ஆனேன்.

அந்த லாரி முதலாளியைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். வாயைத் திறந்தால் வசவுதான் வரும். ஐஸ் உருகிவிட்டால் என் பரம்பரையையே இழுப்பார். ஆனால் எதிரில் நின்று இழுப்பார். மீஞ்சூர் ரயில்வே கேட் மூடியிருந்தால் நான் என்ன பறந்தா வர முடியும் என்று நானும் எதிரில் நின்று கேட்பேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே டீ சொல்வார். இப்படி ஒரு கெட்ட முதலாளி உலகத்தில் உண்டா என்று அந்தக் காலத்தில் பேசிக்கொண்டிருப்பேன். முகமே இல்லாத முதலாளியிடம் வேலை பார்த்த பிறகுதான் அவருடைய அருமை தெரிந்தது.

லாரித் தொழில் படுத்தபோது கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு குட்டியானை, அதுதான் சின்ன லோடு வண்டி, எடுத்தேன். மீன் லோடு பிடித்துக் கொடுக்கும் ஆப் வந்தது. ஆரம்பத்தில் மாப்பிள்ளை மாதிரி கவனித்தார்கள். காலையில் மீன் ஏலம் முடிந்ததும் போன் அடிக்கும், ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு சென்னையில் ஏதாவது மீன் கடையில் இறக்கினால் வேலை முடிந்தது. போனஸ் கொடுத்தார்கள், சட்டை கொடுத்தார்கள். நன்றியில்லாமல் பேசக் கூடாது, அந்த வருமானத்தில்தான் என் வீட்டுக்குக் கூரை மாற்றினேன். பிறகு வாடகை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அதுகூடப் பரவாயில்லை. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் யாராவது ஒருவருடைய ஐடி முடங்கியிருக்கும். ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பதிவு செய்த குரல் பேசும். சென்னை ஆபீசுக்குப் போனால், ஆப்பில் சொல்லுங்கள் என்று செக்யூரிட்டியே திருப்பி அனுப்பிவிடுவார். ஆப்பில் சொன்னால் ஆபீசை அணுகவும் என்று வரும். வண்டி வாசலில் நிற்கும், உள்ளே அடுப்பு எரியாது.

பொறுத்துப் பார்த்துவிட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் போனை அணைத்துவிடுவோம் என்று ஒரு தடவை முடிவு செய்தோம். எல்லோரும் என்றால் யார்? அங்கேதான் கோட்டை விட்டோம். எங்களுக்குத் தெரிந்த கூட்டம் ஒன்றுதான், பாடு பேசுகிற கூட்டம். அதே வழக்கப்படி ஏரிக்கரை ஊர்க்காரர்கள் கோயில் முன்னால் கூடினோம், ஊர்க் கட்டுப்பாடு மாதிரி பேசி முடித்தோம், கலைந்தோம். திருப்பாலைவனம் பக்கத்தில் நெல் விளையும் ஊர்களிலிருந்தும் பத்து இருபது பேர் இதே ஆப்பில் இதே மீனைத்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாடு இல்லாதவரைப் பாடு பேசும் இடத்துக்குக் கூப்பிட்டு எங்களுக்குப் பழக்கம் கிடையாது. வலைக்கு இருந்த வழக்கத்தை யோசிக்காமல் வண்டிக்கும் வைத்துவிட்டோம்.

கம்பெனிக்கு வேறென்ன வேண்டும்? அந்த உள்பக்கத்து ஊர் டிரைவர்களுக்கு இரட்டை வாடகை என்று செய்தி போனது. அவர்கள் வந்தார்கள், ஏற்றினார்கள், போனார்கள். நாங்கள் பழவேற்காட்டுப் பாலத்தில் உட்கார்ந்து அவர்கள் போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் எங்கள் ஆட்களே ஒருவர் பின் ஒருவராக, சுவர்ப் பக்கம் திரும்பிப் போனை ஆன் செய்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல் வண்டி எடுத்தோம். அந்த வாரம் டீக்கடையில்கூடத் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தோம்.

இந்தக் கூத்தைக் கேள்விப்பட்டு, மீஞ்சூரிலிருந்து பஸ் பிடித்துத் தானாகவே வந்தவர் ஞானப்பிரகாசம் அண்ணன். அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான ஆள், சட்டையை உள்ளே விட்டிருப்பார், எங்கே உட்காருவதற்கு முன்னாலும் கைக்குட்டையை விரித்து அதன் மேல்தான் உட்காருவார். மீன் ஏலக் கூடத்துப் படியிலும் அப்படித்தான். அந்தக் கைக்குட்டை அன்று என்ன கதியானது என்று நாங்கள் பல நாள் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவரும் கூடச் சிரிப்பார், மறுநாளும் விரிப்பார்.

அவர் எங்களிடம் முழக்கம் எதுவும் எழுப்பவில்லை. சிவப்புத் துண்டு போட்டுக்கொண்டு நரம்பு புடைக்கப் பேசுவார் என்று எதிர்பார்த்த எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. நமக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டார். ஆளாளுக்கு ஆரம்பித்தோம். வாடகை, கமிஷன், டீசல், விபத்துக் காப்பீடு, கடைக்காரன் மரியாதை. கை காட்டி நிறுத்தினார்.

“ஒரே மூச்சுல சொல்லுங்க. மூச்சு வாங்கினா அது இன்னும் ஆகல, திரும்ப யோசிங்க.”

எங்களுக்குப் பல வாரம் ஆனது. கடைசியில் வந்தது இதுதான்: காரணம் சொல்லாமல் ஐடியை முடக்கக் கூடாது, முடக்கினால் நேரில் பேச ஒரு ஆள் வேண்டும். வாடகையை அப்போதைக்கு விட்டதில் பலருக்கும் கோபம். எனக்கும்தான். பேசுவதற்கே ஆள் இல்லாத இடத்தில் வாடகையை யாரிடம் கேட்பீர்கள் என்றார் அவர். கூட்டத்தில் அதிகம் பேசுகிறவர் கடைசியில்தான் பேச வேண்டும் என்று இன்னொரு விதியும் வைத்தார். என்னை மனதில் வைத்துத்தான் அதை வைத்தார் என்று எல்லோருக்கும் தெரியும். என் முறை வருவதற்குள் நான் சொல்ல நினைத்ததை யாராவது என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லி முடித்திருப்பார்கள். வயிற்றெரிச்சலாக இருக்கும். ஆனால் நாற்பது வயதுக்கு மேல் அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கற்றுக்கொண்டேன் என்றால் அதற்கு அவர்தான் காரணம். கம்பெனிக்காரர்களை அவனுங்க என்று சொன்னால் அவங்க என்று அமைதியாகத் திருத்துவார். அவர்களும் எங்கேயோ சம்பளத்துக்கு இருக்கிறவர்கள்தான் என்பார்.

அந்தச் சமயத்தில்தான் ரெஜினாவின் ஐடி முடங்கியது.

ரெஜினா திருப்பாலைவனம் பக்கத்து ஊர். வயல் வேலை செய்கிற கிறிஸ்தவக் குடும்பம். முதலில் கூடை சுமந்து மீன் விற்றவர். கணவர் கட்டட வேலையில் விழுந்து இடுப்பொடிந்து படுத்த பிறகு, லைசென்ஸ் எடுத்து, தவணையில் ஒரு குட்டியானை வாங்கி ஓட்டினார். எங்கள் பக்கத்தில் லோடு வண்டி ஓட்டிய பெண் அவர் ஒருவர்தான். நாங்கள் போனை அணைத்துப் பாலத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் வண்டி ஓட்டியவர்களில் அவரும் ஒருவர். ஒரு மழை நாளில் இறால் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியதால் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. சென்னையில் சரக்கை எடுத்த கடைக்காரர், தாமதம், ஐஸ் உருகிவிட்டது என்று புகார் போட்டார். மறுநாள் காலை ரெஜினாவின் போனில், உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி வந்தது. நடந்ததைச் சொல்ல அவருக்கு ஒரு காது கிடைக்கவில்லை. சென்னை ஆபீஸ் வாசலில் ஒரு பகல் முழுவதும் நின்றுவிட்டு, திரும்பும் ரயிலில் மீஞ்சூரில் இறங்கி, ஞானப்பிரகாசம் அண்ணன் வீட்டை விசாரித்துக்கொண்டு போயிருக்கிறார்.

அண்ணன் அவரைக் கையோடு கூட்டத்துக்கு அழைத்து வந்துவிட்டார். எல்லோர் முகமும் இறுகியது. குமார் என்று ஒருவர், பழவேற்காட்டுக்காரர், நல்ல மனுஷன்தான், ஆனால் கோபம் மூக்கின் மேல் இருக்கும். அவர் எழுந்தார்.

“அன்னிக்கு நம்ப வயித்துல அடிச்சாங்க. இன்னிக்கு நம்ப இன்னாத்துக்கு அவங்களுக்காக நிக்கணும்?”

ரெஜினா ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நாற்காலி போட வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. அண்ணன்தான் கேட்டார், அன்றைக்கு வண்டியை நிறுத்தப் போகிறோம் என்று இவரிடம் சொன்னது யார் என்று. அடுத்து, எப்போதாவது ஐடி முடங்கியவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். ஒவ்வொரு கையாக ஏறியது. குமார் கையும் ஏறியது. கடைசியில் கை தூக்காமல் இருந்தவர்களை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது. அண்ணன் எழுந்து, கைக்குட்டையை எடுத்து உதறி மடித்துக்கொண்டு, தன் நாற்காலியை ரெஜினாவுக்குக் கொடுத்தார்.

அதோடு உள்பக்கத்து டிரைவர்கள் எல்லோரையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். சிலர் மோர் கொடுத்தார்கள், சிலர் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்கள். இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது என்ன புதுசாக என்று ஒரு அம்மா நேராகவே கேட்டார். கேட்க வேண்டியதுதான். எப்படியோ பெரும்பாலானவர்கள் சங்கத்தில் வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த சிக்கல், எப்படி நிறுத்துவது. மொத்தமாக நிறுத்தினால் மூன்றாம் நாள் பசி வரும் என்பது தெரிந்துவிட்டது. இதற்கு வழி சொன்னது நான்தான் என்று இன்றைக்கு ஆளாளுக்குச் சொல்லிக்கொள்கிறார்கள், நான் உட்பட. உண்மையில் சொன்னவர் குமார்.

“பாடு வச்சு நிறுத்துவோம்” என்றார்.

ஏரியில் முறை வைத்து வலை போடுவது போல, முறை வைத்துப் போனை அணைப்பது. டிரைவர்களை ஐந்து கூட்டமாகப் பிரித்தோம். ஊர் ஊராகப் பிரிக்கக் கூடாது, கலந்துதான் பிரிக்க வேண்டும் என்றார் அண்ணன். தினமும் சாயங்காலம் சீட்டு எடுப்போம். கூட்டத்துக்கு ஒரு சீட்டு, அதில் அந்தக் கூட்டத்தார் பெயரெல்லாம் இருக்கும்; எந்தச் சீட்டு வருகிறதோ அந்தக் கூட்டம் மறுநாள் ஓட்டாது. மற்றவர்கள் வழக்கம் போல ஓட்டலாம், ஆனால் ஓட்டாதவர்களுக்கு வரவேண்டிய லோடை என்ன ஆசை காட்டினாலும் எடுக்கக் கூடாது. எந்த நாள் எந்த வண்டி வராது என்பது எங்களுக்கே முந்தின நாள் சாயங்காலம்தான் தெரியும், கம்பெனிக்கு எப்படித் தெரியும்? மீன் கடைகளுக்குக் காலையில் இத்தனை மணிக்கு வண்டி வரும் என்று வாக்குக் கொடுத்திருந்தவர்கள் அவர்கள்.

சீட்டில் வந்தவர்கள் பொழுது விடிவதற்கு முன்னால் பாலத்துக்குப் பக்கத்தில் கூடுவார்கள். காலி ஐஸ் பெட்டி ஒன்று இருக்கும். எல்லோரும் போனை அணைத்து அதில் போட்டு மூடிவிட வேண்டும். சுவர்ப் பக்கம் திரும்புகிற வேலை இனிக் கிடையாது. ஓட்டுகிறவர்கள் ஏலக் கூடத்திலிருந்து போகும்போது ஆளுக்குக் கொஞ்சம் மீன் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதை அங்கேயே குழம்பு வைத்து, பகல் சாப்பாட்டை எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு என்று யார் கேட்டாலும் சீட்டு, முறை எதுவும் பார்க்காமல் வண்டி போக வேண்டும். மீன் வியாபாரிகளிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிட்டோம். பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள். திட்டினார்கள், பிறகு கம்பெனிக்குப் போன் போட்டும் திட்டினார்கள். அவர்கள் போட்டால் மட்டும் ஒரு மனிதக் குரல் பேசியது என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் கூட்டத்துச் சீட்டில் ரெஜினா பெயரையும் போட்டோம். ஐடியே இல்லாதவருக்கு முறை எதற்கு என்று யாரோ கேட்டார்கள். முடக்கியது கம்பெனி, நாம் அவரை ஓட்டுகிறவராகத்தான் எண்ணுகிறோம் என்றார் அண்ணன். பாடு இல்லாத ஊர்ப் பெண்ணின் பெயரும் எழுதிய சீட்டை முதல் தடவை என் கையால் மடித்துப் போட்டபோது, நைனா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சரி, அவர் ஏரிக்குச் சொன்னது அது, இது ரோடு என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

விஷயம் தொழிலாளர் துறை அதிகாரியிடம் போனது. முதல் தடவை கம்பெனி சார்பில் யாரும் வரவில்லை. அண்ணன் கைக்குட்டையை விரித்து, சாயங்காலம் வரை அந்தக் காலி நாற்காலிக்கு எதிரில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அடுத்த தடவை ஒருவர் வந்தார். சின்ன வயசு, நல்ல மாதிரியாகவே பேசினார். நீங்கள் தொழிலாளிகள் இல்லை, எங்கள் பார்ட்னர்கள், அதனால் இந்தப் பேச்சுவார்த்தையே பொருந்தாது என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கம்பெனி ஆள் கொண்டுவரச் சொன்ன டீயை அண்ணன் தொடவில்லை. பேச்சு முடியும் வரை எதிராளி செலவில் டீ குடிக்க மாட்டார்.

“சந்தோஷம் சார். பார்ட்னரையே ஒரு வார்த்தை கேக்காம வெளிய தள்ளிட்டீங்களே, அத்த பேசலாமா?” என்றார்.

அந்தப் பையன் சிரித்துவிட்டார். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். அந்த மேலே எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். முடிவில்லாமல் எழுந்தோம். பாடு தொடர்ந்தது.

கடைசியில் என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது அது இல்லை. கேட்டது கிடைத்தது. மீஞ்சூரில் ஒரு மாடி அறையில் இப்போது கம்பெனி ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஐடியை முடக்குவதற்கு முன்னால் காரணம் வருகிறது, பதில் சொல்ல அவகாசம் தருகிறார்கள். பின்னால் ஒரு தடவை என் ஐடியும் முடங்கியது. அந்த மாடிப்படி ஏறி, என் கதையைச் சொல்லி, அன்றைக்கே திறந்துகொண்டு வந்தேன். நானாக நிறுத்தும் வரை ஓட்டினேன் என்றால், என் மகளின் படிப்பு நடுவில் நிற்கவில்லை என்றால், அந்தப் படிதான் காரணம். வாடகையை இன்னும் அவர்கள்தான் வைக்கிறார்கள். கமிஷன் குறையவில்லை. சங்கம் வந்தால் பாலும் தேனும் ஓடும் என்று நான் சொல்லவில்லை. வாடகையைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் இப்போது போய்ப் பேச ஒரு இடம் இருக்கிறது, அதுவே பெரிய விஷயம்.

நான் சொல்ல வந்தது ஒரு காலையைப் பற்றி. முந்தின நாள் சாயங்காலம் எங்கள் கூட்டத்துச் சீட்டு வந்திருந்தது. நான், குமார், ரெஜினா, இன்னும் சிலர். பாலத்துக்குப் பக்கத்தில் கூடினோம். அண்ணனும் முதல் பஸ்ஸில் வந்திருந்தார். ரெஜினாவின் வண்டிக்குத் தவணை நின்று போயிருந்தது. இந்த வாரத்துக்குள் கட்டாவிட்டால் வண்டியை எடுத்துப் போய்விடுவோம் என்று ஆட்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இடுப்பொடிந்த மனிதர் கட்டிலில் கிடந்தபடியே அவர்களைக் கும்பிட்டாராம். எங்களிடம் அதைச் சொல்லும்போது ரெஜினா முகத்தைக் கழுவப் போவது போல ஏரிப் பக்கம் போய்விட்டு வந்தார்.

போன்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தோம். ரெஜினாவின் போன் அடித்தது. உங்கள் கணக்கு மீண்டும் செயல்படுத்தப்பட்டுள்ளது என்று செய்தி. அவர் இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் படித்து முடிப்பதற்குள் டிரிப்பே வந்துவிட்டது. ஏலக் கூடத்திலிருந்து சென்னைக்கு, எங்களில் யாரும் பார்த்தே இராத வாடகைக்கு. எங்களுக்குப் புரிந்துவிட்டது. கேட்டதைக் கொடுக்கவில்லை, அவர் ஒருவருக்கு மட்டும் திறந்துவிட்டிருக்கிறார்கள். யாருக்காகச் சேர்ந்தோமோ அவரே வண்டி எடுத்துக்கொண்டு எங்கள் முன்னால் போனால் மிச்சப் பேர் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள்?

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் பக்கத்தில் வந்தார்.

“போம்மா. வண்டி கைய விட்டுப் போயிட்டா திரும்ப வராது. ஒருத்தரும் தப்பா நெனக்க மாட்டோம்.”

அவர் மனதாரச் சொன்னார். குமாரும் தலையாட்டினார். நான் என்ன நினைத்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அந்தக் கட்டில்தான் கண்ணில் நின்றது. போய்விட்டு வரட்டும் என்றுதான் நானும் சொல்ல வாயெடுத்தேன்.

ரெஜினா போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது அடித்து, அடித்து, நின்றது. உடனே இன்னொரு தடவை அடித்தது. அவர் அதை அணைத்தார். குனிந்து ஐஸ் பெட்டியில் எங்கள் போன்களோடு போட்டு மூடியைச் சாத்தி, அதன் மேலேயே உட்கார்ந்தார்.

“எனுக்கு மட்டும் தொறந்தா, நாளைக்கு எனுக்கு மட்டும் சாத்துவாங்கண்ணா” என்றார்.

குமார் அடுப்புக்கு விறகு எடுக்கப் போனார். ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது, புகை என்றார், அடுப்பு இன்னும் பற்ற வைக்கவே இல்லை. அன்று பகல் தவணை ஆபீசுக்கு நாங்கள் அத்தனை பேரும் போய் நின்றோம். சத்தம் போடவில்லை, நின்றோம். அந்த மேனேஜர் கொஞ்ச நாள் அவகாசம் கொடுத்தார். அவர் நன்றாக இருக்கட்டும்.

மறுநாளுக்கு வேறு கூட்டத்தின் சீட்டு வந்திருந்தது, நாங்கள் ஓட்டலாம். ஆனால் எங்கள் கூட்டம் ஓட்டவில்லை. சீட்டில் வராத மற்ற கூட்டங்களும் ஓட்டவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் யாரையும் கேட்கவில்லை. ரெஜினா பெட்டி மேல் உட்கார்ந்த கதை ஏரிக்கரை ஊர்களுக்கும் வயல் ஊர்களுக்கும் பரவியிருந்தது, அவ்வளவுதான். விடிந்து பார்த்தால் பாலத்திலிருந்து பஸ் நிலையம் வரை குட்டியானைகள் வரிசையாக நின்றன. ஒரு போனும் அடிக்கவில்லை.

பத்து மணி வாக்கில் அண்ணனின் பழைய போன் மட்டும் அடித்தது. கம்பெனியிலிருந்து, அந்த மேலே என்று சொன்ன இடத்திலிருந்து. இத்தனை நாளில் முதல் தடவையாக அவர்களே கூப்பிடுகிறார்கள். அண்ணன் காதில் வைத்துக் கேட்டார், ஒரு நிமிஷம் சார் என்றார். போனை ரெஜினாவிடம் நீட்டினார்.

“நீயே பேசு” என்றார்.

ரெஜினா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். யார் பேசுவது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அவர் எங்களைப் பார்த்தார், வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார்.

“சங்கம் பேசறோம், சொல்லுங்க சார்” என்றார்.